குளிர்காலம் இல்லாத ஊரில் பெரிப்பழம்: கோலாலம்பூர் வீட்டில் மல்பெரி வளர்க்க முழுமையான வழிகாட்டி

டொரொண்டோவில் இருக்கும் என் சித்தி மகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு படம் அனுப்புவாள். வேலியோரம் ஆளுயரப் புதர், அதன் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய கருநீலப் பழம். சர்வீஸ்பெரி. கனடாவின் மேற்குப் பக்கம் அதையே சாஸ்கட்டூன் என்பார்கள். அந்தப் பழத்தின் பெயரில் ஒரு நகரமே இருக்கிறது. “அண்ணே, விதை அனுப்பட்டுமா?” என்று கேட்பாள். வேண்டாம் என்பேன்.

ஆசை இல்லாமல் இல்லை. சர்வீஸ்பெரி ரோஜாக் குடும்பத்துச் செடி, ஆப்பிளுக்குச் சொந்தம். பல வாரம் கடுங்குளிரில் தூங்கி எழுந்தால்தான் அதன் மொட்டு ஒழுங்காக விரியும். விதை முளைப்பதற்கே மூன்று நான்கு மாதம் ஈரக்குளிரில் கிடக்க வேண்டும். நம் கோலாலம்பூரில் நடு இரவில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கேமரன் மலைக்குப் போனாலும் இரவில் 15 டிகிரி அளவுதான். ஸ்ட்ராபெரிக்குப் போதும், இதற்குப் போதாது. அப்புறம், அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு விதையை உறையில் போட்டு வரவழைப்பது 1976ஆம் ஆண்டு தாவரத் தடைக்காப்புச் சட்டப்படி தவறு. இணையத்தில் யாராவது “வெப்ப நாட்டு சர்வீஸ்பெரி” என்று விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சர்வீஸ்பெரியில் நமக்குப் பிடித்தது என்ன? சின்னப் புதர், கருத்த பழம், பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்ளலாம், குருவிகளும் பங்குக்கு வரும். இத்தனையும் நம் சீதோஷ்ணத்தில் தருவது மல்பெரி. தமிழில் முசுக்கொட்டை. நர்சரியில் போய் முசுக்கொட்டை என்று கேட்டால் முழிப்பார்கள், மல்பெரி என்றே கேளுங்கள். பலா, அத்தி, ஆல், அரசு எல்லாம் இதன் குடும்பம். இலையைக் கிள்ளினால் பால் வடியும். தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய என் பாட்டி இதைப் பார்த்திருந்தால் உடனே ஒரு கோப்பையைத் தேடியிருப்பார்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மல்பெரியும் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும் பழக்கமுள்ள மரம்தான். குளிர் கட்டாயம் இல்லை, ஆனால் அந்த ஓய்வின் நினைவு அதற்கு உண்டு. இங்கே குளிர்காலம் வராது, அதனால் கவாத்துக் கத்தரியை, அதாவது கிளை வெட்டும் கத்தரியை, வைத்து நாம்தான் அதை வரவழைக்க வேண்டும். இது தெரியாமல் நான் முதல் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். செடி மாடி ஜன்னல் வரை போனது. பழம் எண்ணி ஏழு.

செடி வாங்குவது

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை பூலோவுக்குப் போங்கள். 1930இல் தொடங்கிய பழைய தொழுநோயாளர் குடியிருப்பைச் சுற்றி வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பூச்செடி வளர்த்துப் பிழைத்ததில் தொடங்கிய தொழில் அது. ஒரு சனிக்கிழமை காலை போனால் வெயில் ஏறுவதற்குள் நாலைந்து கடை பார்த்துவிடலாம்.

கிளையில் ஒரு பழமாவது தொங்கும் செடியை வாங்குங்கள், சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை. விதையில் முளைத்த கன்று காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். ஆண் செடியாக இருந்தால் காய்க்கவே காய்க்காது. பழத்தோடு நிற்கும் செடி பெரும்பாலும் போத்திலிருந்து, அதாவது வெட்டி நட்ட கிளைக்குச்சியிலிருந்து, வந்தது, தாய்ச்செடியின் குணம் அப்படியே இருக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நான் வாங்கியது இடுப்புயரச் செடி, 12 வெள்ளி (ரிங்கிட்). அதற்குமேல் செலவு செய்ய அவசியம் இல்லை, ஏனென்றால் அடுத்தது இலவசம்.

போத்து நடுவது

முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு இது தெரிந்த வேலை. பென்சில் கனத்தில், பச்சை மாறிப் பழுப்பேறிய கிளையாகப் பாருங்கள். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு இருந்தால் போதும். அடியைச் சரிவாகவும் மேலே நேராகவும் வெட்டினால் நடும்போது தலைகீழாகிவிடாது. சிரிக்காதீர்கள், நான் நட்டிருக்கிறேன். இலைகளை நீக்கிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செருகி, வெளிச்சம் படும் நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று இருக்கக்கூடாது.

பத்து நாளில் துளிர் விடும். இங்கேதான் ஏமாறுவோம். அந்தத் துளிர் குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தில் வருவது, அப்போது வேர் இருக்காது. “பிடித்துவிட்டதா” என்று இழுத்துப் பார்த்தே என் முதல் ஆறு குச்சியில் நான்கைக் கொன்றேன். நான்கு வாரம் தொடாதீர்கள். முதலில் வந்த துளிர் வாடாமல் நின்று, அதன்மேல் புது இலை வந்தால் வேர் ஓடிவிட்டது என்று பொருள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள்.

எங்கே வைப்பது

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வரிசை வீட்டில் கார் நிற்கும் கூரைக்கு அடியில் வைத்தால் இலை மட்டும் தழைக்கும். கூரையை விட்டு வெளியே கேட்டோரம், பின்சந்துப் பக்கம், மாடி பால்கனி எல்லாம் சரி. மூன்று இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்: கார், துணிக்கொடி, வெள்ளை டைல்ஸ். கருத்த பழம் விழுந்து நசுங்கினால் அந்த ஊதாக் கறை உங்களுக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போகாது.

பக்கத்து வீட்டுச் சீன அன்ட்டி என் செடியை வாசலில் பார்த்ததும் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் மொழியில் மல்பெரிக்கும் துக்கத்துக்கும் ஒரே ஒலியாம். அதனால் வீட்டு முன்பக்கம் மல்பெரி நடுவதில்லை என்பது பழைய வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் தினமும் அவர் கண்ணில் அது படவேண்டுமா? பின்பக்கம் நகர்த்தினேன். அங்கேதான் வெயிலும் அதிகம்.

தரையில் நடுவதாக இருந்தால் சுவர், சாக்கடை, தண்ணீர்க் குழாய் எதிலிருந்தும் இரண்டு மீட்டராவது தள்ளி நடுங்கள். வேர் ஈரத்தைத் தேடி விரிசலுக்குள் நுழையும். வரிசையின் ஓரத்தில் பக்கவாட்டு நிலத்தோடு இருக்கும் முனைவீடு இல்லாதவர்களுக்குத் தொட்டியே நல்லது. தொட்டியில் வேர் அடங்கும், செடியும் அடங்கும்.

தொட்டியும் மண்ணும்

40 முதல் 45 செண்டிமீட்டர் அகலத் தொட்டி, அடியில் நல்ல ஓட்டைகள். கீழே தட்டு வைக்காதீர்கள். இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள், தண்ணீர் ஓடிவிடும். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் தட்டு நிறைய கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, நான்தான் முதலில் பார்த்தேன். சுகாதார அதிகாரி பார்த்திருந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம்தான். டிங்கிக் காய்ச்சல் வந்தால் அதைவிட மோசம்.

மண் கலவைக்கு இங்கே எல்லாரும் சொல்லும் 3:2:1 கணக்கே போதும்: மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல். மணலில் பாதிக்குப் பதில் கருக்கிய உமி போட்டால் இன்னும் பொலபொலவென்று இருக்கும். நம் செம்மண் புளிப்பானது, மல்பெரிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து, இரண்டு வாரம் நனைத்து வைத்துவிட்டு நடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே இன்னொரு கைப்பிடி. சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே நாளில் போட்டால் உரத்தின் சத்து ஆவியாகப் போய்விடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்யாத நாளில் காலையில் ஒருமுறை. பினாங்கில் இருப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மாலையிலும் ஊற்றுங்கள்.

முதல் ஆறு மாதம்

செடி முட்டி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வரும். அவற்றில் எல்லாத் திசைக்குமாக நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். இவைதான் கடைசிவரை இருக்கும் கைகள். இந்தக் காலத்தில் பழத்தை எதிர்பார்க்காதீர்கள். வந்தால் தின்னுங்கள்.

கவாத்து: நாம் வரவழைக்கும் குளிர்காலம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

மல்பெரி பழம் புதுத் துளிரில்தான் வரும். ஆனால் எந்தப் புதுத் துளிரிலும் வராது. முதிர்ந்து பழுப்பேறிய கிளையின் கணுவிலிருந்து கிளம்பும் துளிரில் வரும். இதனால் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, வெட்டாமலே விடுவது. செடி உயரத்தில் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், அடிக்கணுக்கள் தூங்கும். இன்னொன்று, அடியோடு வெட்டுவது. பட்டுப்புழுவுக்கு இலை வளர்க்கிறவர்கள் அப்படித்தான் வெட்டுவார்கள், அவர்களுக்கு வேண்டியது இலை. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்.

கத்தரியை முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிந்த குச்சி, உள்பக்கமாக வளர்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவற்றை முழுதாக நீக்குங்கள். மிச்சமிருக்கும் பழுப்புக் கிளைகளை ஒன்று ஒன்றரைச் சாண் விட்டு வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு மொட்டுக்கு அரை செண்டிமீட்டர் மேலே, சரிவாக. பச்சை நுனி ஒன்றுகூட மிஞ்சக்கூடாது.

அடுத்தது மனசு வலிக்கும் வேலை. மிச்சமிருக்கும் இலை அத்தனையும் எடுக்க வேண்டும். பிடித்து இழுத்தால் பட்டையோடு உரிந்து வரும், கூடவே மொட்டும் போகும். காம்பில் பாதியை விட்டு இலையை மட்டும் கத்தரியுங்கள். நாலைந்து நாளில் காம்பு தானே காய்ந்து விழும். முடித்ததும் செடி மொட்டையாக, பழனிக்குப் போய்வந்தது போல நிற்கும். என் மனைவி முதல்முறை பார்த்துவிட்டு, “நல்லா இருந்ததைக் கொன்னுட்டீங்களே” என்றார்.

எட்டாம் நாள், பத்தாம் நாள் அருகில் போய்ப் பாருங்கள். கணுவில் மிளகு அளவு பச்சைப் புடைப்பு. இரண்டு வாரத்தில் அது பிரியும். உள்ளே மடித்து வைத்த இலை, அந்த இலைக்காம்பின் இடுக்கில் கம்பளிப்பூச்சிக் குட்டி போல ஒரு பச்சைத் திரள். பழம் என்று நாம் தின்னப்போவது இதுதான். ஒவ்வொரு மணியும் தனிப் பூ, பலாச்சுளை ஒவ்வொன்றும் தனிப் பூவிலிருந்து வருவது போல. மணிகளின் தலையில் வெள்ளை நூல் போல நீட்டிக்கொண்டிருப்பது சூல்முடி. தேனீ வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். மல்பெரிக்கு மகரந்தம் கொண்டுவருவது காற்று, நாம் வளர்க்கும் பல வகைகள் மகரந்தம் இல்லாமலும் காய்க்கும். ஆறாம் வாரம் சிவக்கும், எட்டாம் வாரம் கருக்கும்.

எப்போது வெட்டுவது? கோலாலம்பூரில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அதில் இரண்டு உச்சம்: ஏப்ரலைச் சுற்றி ஒன்று, அக்டோபர் நவம்பரில் ஒன்று. பழுக்கும் நேரத்தில் கொட்டினால் பழம் தண்ணீர் கோத்துச் சப்பென்று ஆகிவிடும், மறுநாளே பூஞ்சை. அதனால் மழை குறையும் ஜனவரி கடைசி, பிப்ரவரியிலும், ஜூன், ஜூலையிலும் பழம் கையில் இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். எட்டு வாரம் என்பது ஏறக்குறைய இரண்டு பௌர்ணமி. நான் காலண்டரில் வட்டம் போடுவதில்லை. கார்த்திகை தீபம் ஏற்றிய மறுநாள் கவாத்து. தைப்பூசத்துக்கு பத்துமலை போய்வந்து கால்வலியோடு உட்கார்ந்தால் பழம் கருத்திருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு அடுத்து இன்னொரு கவாத்து. ஆனிப் பௌர்ணமி வாக்கில் இரண்டாம் அறுவடை. ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும்.

மூன்றாவது முறையும் வெட்டலாம், வருஷத்துக்கு நான்கு முறை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொட்டிச் செடிக்குக் கிளை முதிர அவகாசம் வேண்டும். ஜூலைக்குப் பிறகு தீபம் வரை நான் அதைச் சும்மா விட்டுவிடுகிறேன்.

உரம்

மாதம் ஒருமுறை பச்சை உரம், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 15:15:15 என்று சமமாக உள்ளது, ஒரு மேசைக்கரண்டி. தண்டில் படாமல் தொட்டியின் விளிம்போரமாகத் தூவித் தண்ணீர் ஊற்றுங்கள். பூத்திரள் கண்ணில் பட்டதும் நீல உரத்துக்கு, 12:12:17க்கு, மாறுங்கள். சாம்பல் சத்து கூடினால் பழம் இனிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மக்கிய ஆட்டு எரு இரண்டு கைப்பிடி. கோழி எரு வேகமாக வேலை செய்யும், ஆனால் வரிசை வீட்டில் அந்த வாடைக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைக்க வேண்டியிருக்கும். இலை கரும்பச்சையாகத் தழைத்துப் பழம் குறைந்தால் உரம் அதிகம் என்று பொருள்.

பூச்சியும் பறவையும்

பெரிய எதிரி மாவுப்பூச்சி, செடி வாங்கும்போது பார்க்கச் சொன்ன அந்த வெள்ளைப் பஞ்சு. நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு, முடிச்சுப் போட்டது போல் ஆனால் அதன் உள்ளே இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி உட்கார்ந்திருக்கும். அந்த நுனியை மருந்தால் காப்பாற்ற முடியாது. வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மற்ற இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் தெளியுங்கள். ஐந்து நாள் விட்டு மறுபடி, மொத்தம் மூன்று முறை. எறும்பு வரிசையாக ஏறினால் அலட்சியம் செய்யாதீர்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே அந்த எறும்புதான். மழைக்காலத்தில் இலையில் பழுப்புப் புள்ளி வரும், அந்த இலைகளைப் பறித்துவிட்டால் போதும். கடையில் விற்கும் கடும் பூச்சிக்கொல்லி எதையும் அடிக்காதீர்கள், கழுவாமல் பறித்துத் தின்னும் பழம் இது.

கொண்டைக்குருவி, சிவந்த கண்ணுள்ள கறுப்பு மைனா, அணில் எல்லாம் சிவக்கும்போதே வந்துவிடும். முழுச் செடிக்கும் வலை போட்டால் ஒரு நாள் ஏதாவது குருவி மாட்டிக்கொண்டு கிடக்கும், அந்தக் காட்சி வேண்டாம். கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்குத் தருவார்களே, சுருக்குக்கயிறு வைத்த மெல்லிய வலைப்பை, அதைச் சேர்த்து வையுங்கள். பழக்கொத்துள்ள கிளையில் மாட்டிச் சுருக்கிவிட்டால் காற்று போகும், அலகு போகாது. எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது நாற்பது பை இருக்கிறது. நான் மேல்கிளைகளை மட்டும் மூடாமல் விடுகிறேன், அது அவர்கள் பங்கு.

பறிப்பதும் சமைப்பதும்

சிவப்பு புளிக்கும். முழுதாகக் கருத்து, தொட்டதும் கையோடு வருவதுதான் பழம். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். காலையில் பறியுங்கள். காயையும் பாலையும் வாயில் வைத்தால் வயிற்றைப் புரட்டும், குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும், தின்னும்போது கழுவினால் போதும்.

என் செடி முதல் கவாத்தில் தந்தது இரண்டு கைப்பிடி. மூன்றாம் வருஷம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அவ்வளவு வந்தால் ஜாம் செய்யலாம். அரைக் கிலோ பழம், கால் கிலோ சீனி, ஐந்து கஸ்தூரி எலுமிச்சைச் சாறு. மல்பெரியில் ஜாமை இறுக்கும் பசை குறைவு, எலுமிச்சை இல்லாமல் எவ்வளவு கிண்டினாலும் பாகாகவே நிற்கும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். தோசைக்கு இதைத் தொட்டுக்கொள்கிறான் என் மகன். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

கவாத்தில் கிடைக்கும் இளந்தளிரைச் சூப்பில் போடலாம், காயவைத்துத் தேநீராகவும் குடிக்கலாம். ஆனால் இந்த இலையில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதைத் தடுக்கும் ஒரு பொருள் உண்டு. இனிப்புநீருக்கு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை

தண்ணீர் ஊற்றினால் மேலேயே தேங்கி நிற்கிறதா, தொட்டி ஓட்டை வழியாக மஞ்சள் வேர் எட்டிப் பார்க்கிறதா? தொட்டி நிறைந்துவிட்டது. கவாத்து செய்யும் நாளிலேயே செடியை வெளியே எடுத்து, வேர்ப்பந்தின் ஓரத்திலும் அடியிலும் மூன்று விரல் கனத்துக்குப் பழைய கத்தியால் சீவி, புது மண் போட்டு அதே தொட்டியில் வையுங்கள். ஒரு வாரம் நிழல். அந்தச் சுற்றில் பழம் குறையும்.

வெட்டிய குச்சிகளில் பென்சில் கனமுள்ளவற்றைத் தனியே எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். பக்கத்து வீட்டு அன்ட்டிகூடப் போன தடவை இரண்டு வாங்கிக்கொண்டார், பின்பக்கம் வைக்க. கொடுப்பதற்கு முன் கணு இடுக்கை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அந்தக் குச்சி யாருக்கும் வேண்டாம்.